ஒரு பக்கம் தேய்ந்த முட்டிக்கு முழு மூட்டையும் மாற்ற வேண்டுமா?

"எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார் மருத்துவர். அம்மா சேலையை லேசாகத் தூக்கி, இடது முட்டியின் உட்பக்கத்தில் ஆட்காட்டி விரலை வைத்து அழுத்தினார். "இங்கதான் சார். வேற எங்கயும் இல்ல." மருத்துவர் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "முட்டி முழுக்க வலிக்கிறவங்க உள்ளங்கையால மொத்தமாப் பிடிச்சுக் காட்டுவாங்க. நீங்க ஒரு விரலால காட்டுறீங்க. படம் எடுத்துப் பாத்துட்டுப் பேசுவோம்."

அதற்கு மூன்று மாதம் முன்னால் வேறொரு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இரண்டு முட்டியையும் ஒரே சமயத்தில் முழுசாக மாற்றிவிடலாம் என்று சொல்லி, பேக்கேஜ் விலை எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பகுதி மூட்டு மாற்று என்று ஒன்று இருப்பதையே அங்கே யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அப்போது 64 வயது. இடது முட்டியின் உட்பக்கம் மட்டும்தான் முழுவதும் தேய்ந்திருந்தது. கடைசியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினோம். வலது முட்டியைத் தொடவே இல்லை.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அம்மாவோடு இரண்டு வருடம் இதற்காக அலைந்ததில், எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும், எங்கே அவசரப்படக் கூடாது என்பது புரிந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினால், இது உங்களுக்காகத்தான்.

முதலில், முட்டிக்குள் என்ன இருக்கிறது

முழங்கால் மூட்டை மூன்று அறை உள்ள வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். உட்பக்கம் ஓர் அறை, அதாவது இரண்டு கால்களையும் சேர்த்து வைத்தால் ஒன்றோடொன்று உரசும் பக்கம். வெளிப்பக்கம் இன்னோர் அறை. முட்டிச்சில்லுக்குப் பின்னால் மூன்றாவது. எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்து போய் எலும்பும் எலும்பும் உரசுவதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம்.

நடக்கும்போது உடல் எடையில் பெரும்பங்கு உட்பக்க அறையில்தான் இறங்குகிறது. அதனால் பலருக்கு அந்த அறைதான் முதலில் தேயும். தேயத் தேயக் கால் வில் மாதிரி வெளிப்பக்கமாக வளையும். வளைய வளைய இன்னும் பாரம் அங்கேயே விழும்.

முழு மூட்டு மாற்றில் தொடை எலும்பின் கீழ்முனை, கால் எலும்பின் மேல்முனை இரண்டையும் முழுக்கச் சீவி உலோக உறை போடுவார்கள். எலும்புகளைப் பிணைத்து வைக்கும் நார்களுக்கு லிகமென்டு என்று பெயர். முட்டியின் நடுவில் இருக்கும் ஏ.சி.எல். என்ற லிகமென்டைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பகுதி மாற்றில் கெட்டுப்போன அறையில் மட்டும் இரு பக்கமும் சிறிய உலோகத் துண்டு பொருத்தி, நடுவில் வலுவான பிளாஸ்டிக் தகடு வைப்பார்கள். மற்ற இரண்டு அறைகளும் லிகமென்டுகளும் அப்படியே இருக்கும். முட்டி "என்னுடைய முட்டி மாதிரியே இருக்கு" என்று பகுதி மாற்று செய்துகொண்டவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இது புதிதாக வந்த சிகிச்சை இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்ஃபெல்லோ என்ற அறுவை மருத்துவரும் ஜான் ஓகானர் என்ற பொறியாளரும் 1970களில் நகரும் தகடு கொண்ட மூட்டை வடிவமைத்தார்கள். அந்த வழியில் வந்த மூட்டுகள் இன்றும் உலகம் முழுக்கப் பொருத்தப்படுகின்றன.

கத்திக்கு முன்னால் செய்ய வேண்டியவை

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முட்டியில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். அம்மா ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைத்தார். வலி போகவில்லை, ஆனால் ராத்திரித் தூக்கம் திரும்பியது.

அடுத்தது தொடைத் தசை. முட்டி வலிக்கிறதே என்று நடையைக் குறைத்தால் தொடை மெலியும், தொடை மெலிந்தால் பாரம் முழுக்க மூட்டில் விழும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைக் குறைந்தது மூன்று மாதமாவது ஒழுங்காகச் செய்து பாருங்கள். அறுவை சிகிச்சையே செய்யும்படி ஆனாலும் அந்தப் பயிற்சி வீண்போகாது. பின்னால் எழுந்து நடப்பதற்கு அதுதான் கைகொடுக்கும்.

வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போடுவது ஆபத்து. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண் வரவைக்கும். மூட்டுவலிக்கென்று விற்கும் பொடி, லேகியம் எதையாவது சாப்பிட்டிருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம், சில மாதம் வலி தணியும். ஆனால் ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடும். அதனால் அறுவை சிகிச்சைத் தேதி குறித்துவிட்டு இடையில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். "சின்னத் துளை போட்டு உள்ளே கழுவி விட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். வெறும் தேய்மானத்துக்கு அந்தக் கழுவல் பலன் தருவதில்லை என்பதை 2002இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. தோலில் மட்டும் கீறித் தையல் போட்டவர்களுக்கும், உண்மையாகவே உள்ளே கழுவப்பட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை.

நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பகுதி மாற்று உங்களுக்குப் பொருந்துமா என்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியும்.

படுத்துக்கொண்டு எடுக்கும் எக்ஸ்ரேயில் மூட்டின் மேல் பாரம் இல்லை. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பது மாதிரியே தெரியும். நிற்கவைத்து எடுத்தால்தான் எலும்பு எலும்பைத் தொடுகிறதா என்பது தெரியும். அம்மாவின் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் மருத்துவர். படுத்த படத்தில் உட்பக்கம் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. நின்ற படத்தில் அந்தக் கோடே இல்லை. வெளிப்பக்கத்தில் மட்டும் கறுப்பு இடைவெளி நல்ல அகலமாக இருந்தது. பிறகு, முட்டியைக் கொஞ்சம் மடக்கிக் காலை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்து இன்னொரு படம் எடுத்தார்கள். வளைந்த கால் நேராகிறதா, அப்படி ஆகும்போது வெளிப்பக்க அறையில் குருத்தெலும்பு முழுக் கனத்தோடு நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. பக்கவாட்டிலிருந்து ஒன்று, முட்டிச்சில்லுக்காக ஒன்று என்று மொத்தம் நான்கைந்து படம் ஆகும். செலவு அதிகமில்லை.

மருத்துவர் தேடுவது இவற்றைத்தான். தேய்மானம் ஒரே அறையில் இருக்க வேண்டும். ஏ.சி.எல். உறுதியாக இருக்க வேண்டும். கால் ஓரளவாவது நேராக நீள வேண்டும், நன்றாக மடங்க வேண்டும். வளைவு கையால் இழுத்தால் நேராக வேண்டும். ருமட்டாய்டு போன்ற அழற்சி மூட்டுவாதம் இருக்கக் கூடாது. அந்த நோய் ஓர் அறையோடு நிற்காது, மிச்சம் வைத்த அறைகளையும் பின்னால் தின்றுவிடும். முட்டிச்சில்லுக்குப் பின்னால் லேசான தேய்மானம் இருந்தால் இப்போது பல மருத்துவர்கள் அதைத் தடையாக எடுத்துக்கொள்வதில்லை.

வயது, எடை பற்றி இன்னும் பழைய கணக்கைச் சொல்பவர்கள் உண்டு. 1989இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, 60 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், எடை 82 கிலோவுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பின்னால் வந்த ஆய்வுகளால் அந்த வரம்பு நிறையத் தளர்ந்துவிட்டது. ஆகவே "எடை கொஞ்சம் கூட, அதனால் உங்களுக்கு முழு மாற்றுதான்" என்று மட்டும் காரணம் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "சின்ன ஆபரேஷன்தானே, இப்பவே செஞ்சுக்கலாம்" என்று தேய்மானம் பாதியில் இருக்கும்போதே செய்துகொள்வது. நின்ற எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் தொடவில்லை என்றால், பகுதி மாற்றுக்குப் பிறகும் வலி போகாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" (எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ்) என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலரின் முட்டியிலும் அந்தக் கிழிசல் இருக்கும்.

நாற்பது, ஐம்பது வயதில் உட்பக்கம் மட்டும் தேய்ந்து, கால் எலும்பே வளைந்திருக்கும் சுறுசுறுப்பான ஆட்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. கால் எலும்பின் மேற்பகுதியை வெட்டி நேராக்கித் தகடு போட்டு, பாரத்தை நல்ல அறைக்கு மாற்றிவிடும் சிகிச்சை அது. சொந்த மூட்டு சொந்த மூட்டாகவே இருக்கும். அந்த வயதுக்காரர்கள் அதையும் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

பகுதியா, முழுசா

இரண்டுக்கும் பொருந்துபவர்களுக்கு எது நல்லது என்று பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 528 பேரை இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2019இல் வந்த ஐந்தாண்டு முடிவில், வலி குறைவதிலும் நடமாட்டத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. செலவுக் கணக்கில் பகுதி மாற்று முந்தியது.

அதே நாட்டில் 2014இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். பகுதி மாற்று செய்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு போன்ற பெரிய சிக்கல்கள் குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாட்களும் குறைவு. ஆனால் எட்டு ஆண்டுக்குள் மறுபடி அறுவை செய்து மூட்டை மாற்ற வேண்டி வந்தவர்கள் பகுதி மாற்றில் சுமார் இரண்டு மடங்கு. பிரிட்டனின் மூட்டு மாற்றுப் பதிவேட்டின்படி பத்து ஆண்டில் மறு அறுவைக்குப் போனவர்கள், பகுதி மாற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர், முழு மாற்றில் மூன்று நான்கு பேர்.

பகுதி மாற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலை அதுதான். உடம்புக்குச் சின்ன அடி, சீக்கிரம் எழுந்திருக்கலாம், முட்டி இயல்பாக இருக்கும். பதிலுக்கு, மிச்சமிருக்கும் அறைகள் பின்னால் தேய்ந்து இன்னோர் அறுவைக்குப் போகும் வாய்ப்பைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறீர்கள். அந்த மறு அறுவை, பெரும்பாலும் பகுதி மூட்டை எடுத்துவிட்டு முழு மூட்டு வைப்பதுதான். இதய நோய் உள்ள 75 வயதுக்காரருக்குச் சின்ன அறுவை பெரிய நிம்மதி. 50 வயதுக்காரர் இன்னும் முப்பது ஆண்டை யோசிக்க வேண்டும். அம்மாவிடம் இந்தக் கணக்கை எல்லாம் சொன்னேன். "ஒரு ரூம்ல ஒழுகுதுன்னா வீட்டையே இடிப்பாங்களா?" என்று கேட்டார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உங்கள் வீட்டில் வேறு முடிவு சரியாக இருக்கலாம்.

யாரிடம் செய்துகொள்வது

பகுதி மாற்றில் கைப்பழக்கம் மிக முக்கியம். சின்ன வெட்டு வழியாக, லிகமென்டுகளின் இழுவிசை மாறாமல், தகடு ஒரு மில்லிமீட்டர் கூடக் குறையப் பிசகாமல் வைக்க வேண்டும். எப்போதாவது ஒன்று செய்பவர்களிடம் மறு அறுவை அதிகம், தொடர்ந்து செய்பவர்களிடம் குறைவு என்பதைப் பதிவேடுகள் தெளிவாகக் காட்டுகின்றன. தாங்கள் செய்யும் முட்டி மாற்றுகளில் ஐந்தில் ஒன்றாவது பகுதி மாற்றாக இருக்கும் மருத்துவர்களிடம் முடிவுகள் நன்றாக இருக்கின்றன.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "சார், வருஷத்துக்கு எத்தனை பகுதி மாற்று செய்றீங்க?" நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களுக்கு எண்ணிக்கையைச் சொன்னதோடு, "உள்ள திறந்து பாக்கும்போது இன்னொரு பக்கமும் கெட்டிருந்தா முழு மூட்டா மாத்த வேண்டி வரும். அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவோம்" என்றார். இதை முன்கூட்டியே சொல்லாத இடத்தில் நீங்களே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அறுவை நடுவில் திடீரென்று தியேட்டர் வாசலுக்கு வந்து கேட்டால் வீட்டார் திகைத்துப் போவார்கள்.

ரோபோ இருக்கிறது என்று பல மருத்துவமனைகள் பெரிய பலகை வைக்கின்றன. எலும்பைத் திட்டமிட்ட அளவில் வெட்ட அது உதவுகிறது. ஆனாலும் யாருக்குப் பகுதி மாற்று பொருந்தும் என்று முடிவு செய்வது மருத்துவர்தான். அனுபவமுள்ள கையா, புது இயந்திரமா என்று வந்தால் நான் கையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பணம்

2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டி மூட்டுக் கருவிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. வழக்கமான கோபால்ட் குரோமியம் முழு மூட்டுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதன்பின் சிறு மாற்றங்கள் வந்தாலும் கட்டுப்பாடு என்ற ஒன்று இருக்கிறது. பில்லில் மூட்டின் விலை, அறுவைக் கட்டணம், அறை வாடகை, பிசியோ எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகை போட்டுத் தந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

தனியார் காப்பீட்டில் மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். புதிய பாலிசிகளில் அது மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது 2024இல் வந்த விதி. வலி வந்தபிறகு பாலிசி எடுத்து அடுத்த மாதமே கேட்டால் கிடைக்காது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் முட்டி மாற்று நடக்கிறது. அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, உங்கள் மருத்துவர் எழுதிய சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

தேதி குறித்த பிறகு

செயற்கை மூட்டில் கிருமி போய் உட்கார்ந்தால் அதை விரட்டுவது பெரும்பாடு. நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவானவர்களுக்குத்தான் அப்படி ஆகிறது. அந்த ஒருவராக நாம் ஆகாமல் இருக்க நம் கையில் இருப்பதைச் செய்ய வேண்டும்.

சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. அளவை 7.5, 8க்குள் கொண்டுவரச் சொல்வார்கள். சொத்தைப் பல் இருந்தால் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். சிறுநீரில் எரிச்சல் இருந்தால் சொல்லுங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண், நகச்சுற்று எதுவும் ஆறாமல் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு முட்டியில் எருக்க இலையைச் சுடவைத்துக் கட்டியதில் தோல் கொப்பளித்துவிட்டது. அறுவைக்கு இரண்டு நாள் முன்னால் அது. தோல் ஆறும்வரை தேதியைத் தள்ளிவைத்தார்கள். கடைசி மாதத்தில் ஒத்தடம், பத்து, எண்ணெய்க்கட்டு எதுவும் வேண்டாம். முட்டியில் முடி மழிக்கவும் நீங்களாகப் பிளேடு எடுக்காதீர்கள்.

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதைச் சொல்ல மறந்து அறுவை தள்ளிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டை இப்போதே தயார் செய்யுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், பக்கத்துச் சுவரில் கைப்பிடி ஒன்று பொருத்துங்கள். கால்மிதி, தரை விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள். கட்டில் முட்டி உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கை வைத்த நாற்காலி ஒன்று அவசியம். மாடியில் படுப்பவர்கள் ஆறு வாரத்துக்குக் கீழே இடம் மாறுங்கள். வாக்கரைப் பிடித்து நடக்க முன்கூட்டியே பழகிக்கொண்டால் ரொம்ப நல்லது.

மருத்துவமனையில்

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போக வைப்பார்கள், கூடவே லேசான தூக்க மருந்தும். அறுவை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். வெட்டு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இருக்கும். அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ வாக்கரோடு எழுப்பி நிற்கவைப்பார்கள். பயந்து படுத்துக்கொண்டே இருந்தால்தான் கெண்டைக்காலில் ரத்தம் கட்டும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கிளம்பும்முன் ஒன்று செய்யுங்கள். பொருத்திய மூட்டின் பெட்டியில் நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதன் பிரதி உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடம் கழித்து இன்னொரு மருத்துவர் கேட்கும் முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் முதல் ஆறு வாரம்

அறுவை நன்றாக நடந்தும் கால் நீளாமல் போவது இந்த வாரங்களில்தான். அம்மாவுக்கு அப்படித்தான் ஆகப் பார்த்தது. பார்க்க வந்த சித்தி, பாசத்தில், வலிக்குமே என்று முட்டிக்கு அடியில் தலையணை ஒன்றை வைத்தார். அம்மாவுக்கு அது இதமாக இருந்தது. ஒன்பது நாள் அப்படியே படுத்திருந்தார், நானும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பார்த்ததும் தலையணையை உருவி எடுத்துவிட்டார். "முட்டி மடங்கினபடியே இறுகிடும்மா. நடக்கையில நொண்டும். வைக்கணும்னா குதிங்காலுக்கு அடியில வைங்க, முட்டிக்கு அடியில வேண்டவே வேண்டாம்." சுருட்டிய துண்டைக் குதிங்காலுக்கு அடியில் வைத்து, முட்டியை மெத்தையை நோக்கி அழுத்தி அழுத்திக் காலை நேராக்க இரண்டு வாரம் பிடித்தது.

மடக்குவதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். எங்கள் வீட்டில் சிவப்புத் தரை. தினமும் காலையில் அம்மாவின் கட்டைவிரல் எதுவரை போகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். முதல் வாரம் கோடுகள் நெருக்கமாக இருந்தன. மூன்றாம் வாரம் ஒருநாள் இரண்டு விரற்கடை பின்னால் போயிருந்தது. அம்மா அந்தக் கோட்டைத் துடைக்கவே விடவில்லை.

கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்குவது, காலை நேராகத் தூக்குவது, இவற்றை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாலே போதும். ஒரே மூச்சில் செய்து முட்டி வீங்கவைக்காதீர்கள். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். சில வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், தண்ணீரும் கீரையும் பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, சுண்டல்.

இரவில் வலி கூடும், தூக்கம் கெடும். இரண்டாம் வாரத்தில் அம்மா அழுதார், "இதுக்குப் பழைய வலியே தேவலை" என்றார். பலருக்கும் வரும் கட்டம் அது. மருத்துவர் எழுதிய மாத்திரையை வலி ஏறும்முன் நேரத்துக்குக் கொடுங்கள், பிசியோவுக்கு அரை மணி முன்னால் கொடுப்பது இன்னும் நல்லது.

தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை புண்ணில் மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. புண்ணிலிருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முட்டி சிவந்து சூடானாலோ கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாமல் அறுவை செய்த மருத்துவரிடமே உடனே போங்கள். இடையில் போடும் மாத்திரை கிருமியை மறைத்து நோயைக் கண்டுபிடிக்க விடாமல் செய்யும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்றும் பார்க்க வேண்டாம், கிளம்புங்கள். நகரும் தகடு வைத்தவர்களுக்கு முட்டி திடீரென்று "டக்"கென்று பூட்டிக்கொண்டால் தகடு நழுவியிருக்கலாம். அதையும் தள்ளிப்போடக் கூடாது.

பிறகு எதெல்லாம் செய்யலாம்

பெரும்பாலோர் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வருகிறார்கள். வண்டி ஓட்ட ஆறு வாரம் ஆகும். முழுக்கத் தேற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்.

நம் ஊரில் எல்லோரும் கேட்பது, தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா என்பதுதான். பகுதி மாற்றில் முட்டி நன்றாக மடங்கும், சிலரை மருத்துவரே அனுமதிக்கிறார். ஆனால் பொருத்திய மூட்டின் வகையைப் பொறுத்தது அது, உங்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்காராதீர்கள். முழுக்கக் குந்துவதைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறார்கள். மண்டியிட்டால் பலருக்கு உறுத்தும். தழும்புக்கு வெளிப்புறம் ஓரிடம் மரத்துப்போயிருக்கும். தோல் நரம்பு அறுபடுவதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. நடை, நீச்சல், சைக்கிள் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஓடுவதும் குதிப்பதும் வேண்டாம்.

அம்மா இப்போது கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருகிறார், நமஸ்காரம் மட்டும் நின்றபடி. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு முட்டியையும் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கிறோம். இடது பக்கம் உலோகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்து பொருத்திய மூட்டு தளர்கிறதா, வெளிப்பக்க இடைவெளி குறைகிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். வலது முட்டியின் உட்பக்கத்தில் அந்த மெல்லிய இடைவெளி இன்னும் இருக்கிறது. போன முறையும் "வலது பக்கம் எங்க வலிக்குது?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டார்.